செயற்கை மூட்டு சூடாகுமா?

"டாக்டர், இடுப்பு மூட்டு மாத்தினா ரொம்ப நடக்கக்கூடாதாமே, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் சூடாகி உருகிடுமாமே?" ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி. நான் எலும்பு சிறப்பு மருத்துவர் இல்லை, எம்பிபிஎஸ் தான். இதுக்குப் பதில் சொல்ல அது போதும். த்ரெட் 👇

சூடாகும், அது உண்மை. ரெண்டு பரப்பு உரசினா சூடு வரத்தானே செய்யும்? பெர்லின்ல பெர்க்மான் குழுவினர், சென்சார் வைத்த இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்கே பொருத்தி, நடக்கவிட்டு அளந்தாங்க. 2001-ல் வெளியான முடிவு: ஒரு மணி நேர நடைக்குப் பிறகு அதிகபட்சம் 43.1 டிகிரி செல்சியஸ். அதுவும் ஒருத்தருக்குத்தான். சைக்கிள் மிதிக்கும்போது இன்னும் குறைவு.

கிண்ணமா வைக்கிற பாலிஎத்திலீன் உருக சுமார் 130 டிகிரி வேணும். அதனால தைரியமா நடங்க. பயந்து படுத்தே கிடந்தாதான் ஆபத்து: காலில் ரத்தம் உறையும், தசை சூம்பும்.

ஆராய்ச்சியாளர்களோட கவலை வேற. அந்தச் சூடு சுற்றியிருக்கிற திசுவையும், மூட்டுக்கு மசகா இருக்கிற திரவத்தையும் பாதிக்குமா என்பது. உருண்டையைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்குறதும், பீங்கான் பயன்படுத்துறதும் முக்கியமா தேய்மானத்தைக் குறைக்கத்தான்; கூடவே உராய்வும் குறையும்.

இங்கதான் விற்பனைப் பேச்சு நுழையுது. "இது உரசாது, சூடாகாது, கொஞ்சம் கூட ஆகும்." உராய்வு மட்டும் குறைஞ்சா போதுமா? 1950-களின் கடைசியில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, கிண்ணத்துக்கு டெஃப்லான் வச்சுப் பார்த்தார். ஆமா, நம்ம தோசைக்கல்லில் பூசுற அதே டெஃப்லான். வழுக்குறதுல அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனா சில வருஷத்துலயே தேய்ஞ்சு, அந்தத் துகள்கள் திசுவைப் புண்ணாக்கி, பலருக்கு மறுபடியும் ஆபரேஷன். 1962-ல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். டெஃப்லானை விட உராய்வு அதிகம், தேய்மானமோ ரொம்பக் குறைவு. இன்னைக்கும் அதன் மேம்பட்ட வடிவம்தான் பெரும்பாலும் போடறாங்க.

அதனால எழுபது வயசு அம்மாவுக்கு "சூடாகாத மூட்டு" வேணும்னு நகையை அடகு வைக்காதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று இருக்கு. இளம் வயசுக்காரங்களுக்குப் பீங்கான் பற்றி யோசிக்கலாம், அதையும் தேய்மானத்தை வச்சு உங்க சர்ஜன்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

முக்கியமா ஒண்ணு. உரசல் சூடு வெளியே தோலில் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு சில மாசம் மூட்டு லேசா வெதுவெதுப்பா இருக்கலாம். சூடு கூடிக்கிட்டே போய், சிவந்து வீங்கி, காய்ச்சலோ கசிவோ இருந்தா அது கிருமித்தொற்றா இருக்கலாம். "உடம்புச் சூடு"ன்னு விட்டுடாதீங்க. மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டும் இருக்காதீங்க. அன்னைக்கே ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கு வாங்க.