அது இலக்கியம், இது மட்டும் ஆவணமா?

தமிழில் ஒரு பெண் எழுதிய நாவலை மரியாதையோடு ஓரங்கட்டுவதற்கு ஒரு சொல் இருக்கிறது: ‘ஆவணம்’. திட்ட மாட்டார்கள். உழைப்பைப் பாராட்டுவார்கள், கள ஆய்வைப் பாராட்டுவார்கள், சமூக அக்கறையைப் பாராட்டுவார்கள். கடைசியில், ‘ஆனால் கலையாகக் கூடிவரவில்லை’ என்று முடித்துவிடுவார்கள். ராஜம் கிருஷ்ணனின் நாவல்களுக்கு இந்தத் தீர்ப்பு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவருகிறது. நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சிவகாசியிலிருந்து சொல்வதுதான் பொருத்தம்.

இங்கே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பெண்கள் கூடி நாவல் வாசிக்கிறோம். கல்லூரி மாணவிகள், என்னைப் போன்ற ஆசிரியைகள், அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அக்காக்கள் இரண்டு பேர், பட்டாசு ஆபீசில் சரம் பின்னும் ஒரு பெரியம்மா. ‘பிடித்த நாவல் எது?’ என்று ஒருமுறை கேட்டுக்கொண்டோம். ‘பொன்னியின் செல்வன்’, ‘மோகமுள்’, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆகிய மூன்றும்தான் அதிகம் வந்தன. சண்டையும் அன்றைக்கே தொடங்கியது.

முதலில் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, இன்றைக்கும் நிற்காமல் விற்கிற நாவல். மாணவிகள் குந்தவைக்காக வாதாடினார்கள்: அரசியல் தெரிந்தவள், ஆண்களை ஆட்டிவைக்கும் அறிவு உள்ளவள். பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: “அதுல வேலைக்குப் போற பொம்பள யாருத்தா?” கொஞ்ச நேரம் யோசித்துப் பூங்குழலி என்றார்கள். சரிதான். கோடிக்கரைக் கடலில் தனியாகப் படகு தள்ளுகிறவள், கையில் தொழில் உள்ளவள். அவளுக்குக் கடைசியில் என்ன ஆகிறது? அவள் மணக்கும் சேந்தன் அமுதன் அரச வாரிசு என்று தெரியவர, அவள் அரசியாகிறாள். உழைக்கிற பெண்ணுக்கு அந்த நாவல் தரும் பெரிய பரிசு, அவளைத் துடுப்பிலிருந்து பிரித்து அரண்மனையில் உட்காரவைப்பது. எல்லாரும் ரசித்த முடிவு இது. நானும் பள்ளி வயதில் ரசித்தவள்தான். ஆனால் பெண்ணின் உழைப்பைக் கதையின் அலங்காரமாக மட்டுமே வைத்திருக்கிற ஒரு நாவலைப் ‘பெண்களைக் கொண்டாடும் நாவல்’ என்று சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

அடுத்தது ‘மோகமுள்’. தி. ஜானகிராமனின் மொழிக்கு ஈடு சொல்வது கடினம். கும்பகோணமும் ரங்கண்ணாவின் சங்கீதமும் பக்கங்களிலிருந்து நம் காதுக்கு வந்துவிடுகின்றன. அந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் யமுனாவைப் பேசுவார்கள், பாபுவின் தவிப்பைப் பேசுவார்கள். தங்கம்மாவை எத்தனை பேர் பேசுகிறார்கள்? கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சிறு பெண். பாபுவிடம் வருகிறாள், அவன் அவளைத் தவிர்க்கிறான், அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். நாவல் அவளைத் தாண்டி நடக்கிறது. பாபுவின் மனம் அலைந்த வழியில் அவள் ஒரு கட்டம், அவ்வளவுதான். ஜானகிராமன் அவளை எழுதவாவது செய்தார். பாராட்டுரைகளில் அவள் பெயர்கூட இருப்பதில்லை. ஒரு வாலிபனின் மோகம் ‘மனித மனத்தின் ஆழம்’ என்று பெயர் பெறும்போது, அந்த ஆழத்தில் விழுந்து செத்தவள் மனிதக் கணக்கில் வருகிறாளா, இல்லையா?

மூன்றாவதில்தான் என் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அடுத்த ஆண்டே, 1973இல், ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக ராஜம் கிருஷ்ணன் பெற்றார். ஒரே விருது, அடுத்தடுத்த ஆண்டு. இன்றைக்குக் கங்காவைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. ‘வேருக்கு நீர்’ எதைப் பற்றியது என்று கேட்டால் இலக்கிய மாணவிகளே விழிக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் பாத்திரங்கள் பிரசங்கம் செய்கிறார்கள் என்பது அவர் மேல் வைக்கப்படும் குறை. ஜெயகாந்தனின் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தால் பக்கக் கணக்கில் பேசுவார்கள். அதற்குப் பெயர் ‘கம்பீரம்’. அவள் பேசினால் பிரசங்கம், அவன் பேசினால் கம்பீரம் என்பது அழகியல் அளவுகோல் இல்லை. வீட்டில் நாம் தினமும் பார்க்கிற அளவுகோல்தான் அது.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் கரிசல் மண்ணிலிருந்தே தருகிறேன். பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நாவல். கழுகுமலைக் கலவரத்தையும் 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்தையும் தேடிப் படித்து எழுதப்பட்டது. 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தப் பாராட்டு அவருக்குத் தகும். தீப்பெட்டி வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிக் ‘கருவேலம் பூக்கள்’ படத்தை எடுத்தவரும் அவர்தான். என் சண்டை பூமணியோடு இல்லை. ஒரு ஆண் ஆண்டுக்கணக்கில் தகவல் திரட்டி எழுதினால் அந்தத் தகவல் நாவலுக்குக் கனம் சேர்க்கிறது. ஒரு பெண் ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டி எழுதினால் அதே தகவல் நாவலைக் கெடுத்துவிடுகிறது. இது எப்படி என்று விமர்சகர்கள்தான் விளக்க வேண்டும்.

ராஜம் கிருஷ்ணன் எங்கெல்லாம் போனார்? ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரியின் படகர் வாழ்வைச் சொல்கிறது. எங்கள் வட்டாரத்துக்கு வந்து, தீப்பெட்டித் தொழிலில் அடைபட்ட குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதினார். கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த இருவர் 1923இல் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய கதை எங்கள் ஊரின் பெருமைக் கதை. அதை எல்லா மேடையிலும் கேட்கலாம். குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய சிறுமிகளின் கதை எந்த மேடையிலும் இல்லை. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். ஒரு குழந்தைக்கு முதலாளி 20,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு முன்பே அந்தக் குழந்தைகளை நாவலின் நடுவில் உட்காரவைத்தவர் ராஜம் கிருஷ்ணன்.

பொருள் பெரிது என்பதாலேயே நாவல் பெரிதாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ‘கூட்டுக் குஞ்சுக’ளில் அவசரம் உண்டு; சொல்லவந்ததைப் பாத்திரத்தின் வாயில் நேராக வைத்துவிடும் இடங்களும் உண்டு. ஆனால் எங்கள் கூட்டத்தில் அதை வாசித்தபோது, எட்டு வயதில் பெட்டி ஒட்டப்போன பெரியம்மா, நாவலில் எது சரி, எது விட்டுப்போனது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். குந்தவைக்கு வாதாடிய மாணவிகள் வாய் திறக்காமல் கேட்டார்கள். ஒரு நூல் வாசகரை அதனோடு சரிக்குச் சரி நின்று பேசவைப்பது கலையின் வேலை இல்லையென்றால், வேறு எதன் வேலை?

பாமாவுக்கும் இதுவே நடந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர், எங்கள் மாவட்டத்தவர். 1994இல் வந்த ‘சங்கதி’யில் தீப்பெட்டி வேலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணி வருகிறாள். தலித் பெண்கள் பேசுகிற பேச்சையே வடிவமாக்கிய அந்த நூலைப் பார்த்து, ‘இது நாவல்தானா?’ என்று கேட்டார்கள். கதாநாயகன் ஒருவனின் மனத்தைச் சுற்றி வந்தால் நாவல். ஒரு தெருவே பேசினால் சந்தேகம்.

சாகித்திய அகாதெமி தமிழுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது 1955இல். 2021 வரை அதைப் பெற்ற பெண்கள் 4 பேர்: ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, அம்பை. திலகவதியின் ‘கல்மரம்’ கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது. விருது கிடைத்த பின்னும் இந்த நூல்கள் ‘சிறந்த நாவல்கள்’ பட்டியல்களுக்குள் ஏறுவதில்லை. பட்டியல் போடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாம் அதை வாங்கிப் பாடத்திட்டத்தில் ஒட்டுகிறோம்.

இது புத்தக விவகாரம் மட்டும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலைகள் வெடித்தபோது இறந்தவர்கள் செய்தியில் எண்ணாகத்தான் வந்தார்கள். எண்ணைப் பெயராக மாற்றுவது நாவலால் முடிகிற காரியம். அப்படி மாற்றியவர்களை ‘ஆவணம்’ என்று அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்து எழுத வருகிற எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு நாம் சொல்வது என்ன? உன் வாழ்க்கை இலக்கியத்துக்கு உதவாது என்பதுதானே?

பழைய நாவல்களை எரிக்கச் சொல்லவில்லை. ‘மோகமுள்’ளை வாசியுங்கள், தங்கம்மாவைப் பற்றித் தேர்வில் எழுதுங்கள். ‘பொன்னியின் செல்வ’னை நடத்துகிற ஆசிரியை, பூங்குழலியின் துடுப்பு எங்கே போனது என்று கேட்கட்டும். ‘கூட்டுக் குஞ்சுக’ளை இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் பாடமாக வைக்கக் கேளுங்கள். ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது; யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம். நாடு முழுவதற்கும் நோட்டும் நாட்காட்டியும் அடித்து அனுப்புகிற ஊர் இது. பைண்டிங் அக்கா கணக்கே போட்டுவிட்டார்: “பேப்பர் செலவு மட்டும் பாருங்க டீச்சர். ஃபார்ம் மடிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்.”