ஜீவனாம்சம் அல்ல, பங்கு!

திருப்பூரில் ஒரு சிறு பனியன் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் வாடகைக் கொட்டகை, இரண்டு தையல் மெஷின்கள். கணவன் ஆர்டர் பிடிக்க அலைகிறான். மனைவி பிசிறு வெட்டுகிறாள், பீஸ் எண்ணி அடுக்குகிறாள், வேலையாட்களுக்குச் சோறு பொங்குகிறாள், முதல் கடனுக்குத் தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். இருபது ஆண்டுகளில் கொட்டகை கம்பெனியாகிறது. வீடு, மனை, பாங்கி டிபாசிட், பங்குப் பத்திரங்கள் எல்லாம் சேர்கின்றன. அத்தனையும் கணவன் பெயரில்! பிறகு மணமுறிவு வருகிறது. கோர்ட்டுப் படியேறி அவள் கேட்கக்கூடியது என்ன? ஜீவனாம்சம். அவ்வளவே!

இது ஒரு கணவனின் கெட்ட குணத்தால் வந்த வினையல்ல. சட்டமே அப்படி இருக்கிறது. 1955-ம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில் சொத்து பற்றிப் பேசும் 27-வது பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களோடு நின்றுவிடுகிறது. பித்தளைக் குடத்திற்கும் கட்டிலுக்கும் பிரிவு உண்டு. இருவரும் பாடுபட்டு வளர்த்த தொழிலுக்குப் பிரிவு இல்லை! 1954-ம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தில் அந்த 27-வது பிரிவு போன்றதுகூடக் கிடையாது.

ஜீவனாம்சம் கிடைக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஜீவனாம்சம் வேறு, பங்கு வேறு. 25-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மனைவி மறுமணம் செய்தாலோ, கற்புத் தவறினாள் என்று காட்டினாலோ, கொடுத்த ஜீவனாம்சத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் இடம் வைத்திருக்கிறார்கள். கூட்டு வியாபாரத்திலிருந்து விலகும் பங்காளியிடம், உன் ஒழுக்கம் எப்படி என்று யாராவது கேட்பதுண்டா? கணக்கைப் பார்த்து, அவன் பங்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மனைவி மட்டும் நன்னடத்தைச் சான்று காட்டிக் கையேந்த வேண்டுமாம்!

2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பை நாம் வரவேற்றோம். கணவர் சவூதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தை நடத்திச் சொத்து வாங்கினார். சொத்து முழுவதும் தனக்கே என்றார் கணவர். வீட்டு வேலையும் சம்பாத்தியத்திற்கு உதவிய உழைப்பே, ஆகவே மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு! ஆனால் அது விவாகரத்து வழக்கல்ல. மனைவியின் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இன்றுவரை இல்லை என்பதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஒரு நீதிபதியின் நியாய உணர்வை நம்பி நாட்டிலுள்ள பெண்களெல்லாம் காத்திருக்க முடியுமா?

அந்த உழைப்பின் அளவுதான் என்ன? சர்க்கார் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரம் எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பேரேட்டைப் பற்றிச் சொன்னோம். சூட்சுமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பங்கு உண்டு என்று நாளையே சட்டம் வந்தாலும், எதில் பங்கு என்ற கேள்வி எழும். அன்று சில லட்சத்திற்கு வாங்கிய ஆலை மனை, இன்று கோடி பெற்றாலும் கணக்கில் வாங்கிய விலையிலேயே நிற்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், தேய்மானம் கழித்துக் கழித்துப் பழைய இரும்பு விலைக்கு வந்திருக்கும். முதலாளியின் சம்பளம் சொற்பமாக இருக்கும்; காரும் பெட்ரோலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் கம்பெனிச் செலவில் போகும். வீட்டில் தகராறு தொடங்கிய மாதத்திலிருந்து தம்பியும் மைத்துனனும் திடீரென்று கடன்காரர்களாக முளைப்பார்கள். பங்குகள் தாயார் பெயருக்கு மாறும். ஆண்டுதோறும் லாபத்தில் ஓடிய தொழில் விவாகரத்து ஆண்டில் மட்டும் நஷ்டத்தில் ஓடும். என்ன அதிசயம்!

இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. அது ஜீவனாம்ச வழக்குகளுக்கு. அதுவும் ஒரு முன்னேற்றமே. ஆனால் தாக்கலான கணக்கு பொய்யென்று யார் நிரூபிப்பது? ஆடிட்டருக்குக் கொடுக்க அவளிடம் பணம் ஏது? கணக்குப் புத்தகமும் சாவியும் கணவன் கையில். நிரூபிக்கும் பாரம் மனைவி தலையில்!

தொழிலை இரண்டாக வெட்டினால் தொழில் அழியும் என்று பயமுறுத்துகிறார்கள். யாரும் மெஷினை அறுத்துப் பாதி கேட்கவில்லை. இன்றைய விலைக்குச் சொத்தை மதித்து, லாபம் ஈட்டும் சக்தியையும் பெயருக்குள்ள மதிப்பையும் சேர்த்து, கடனைக் கழித்து, மிஞ்சுவதில் பாதிக்கு ஈடான தொகையைத் தவணையில் கொடுக்கலாம். மனையாகவோ டிபாசிட்டாகவோ ஈடு செய்யலாம். நம் நாட்டிலேயே கோவாவில், 1867-ம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்ட வழியில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது. அங்கும் நிர்வாகம் பெரிதும் கணவன் கையில் என்ற குறை உண்டு. ஆனாலும் கோவாவில் கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

தொழிலாளர் பத்திரிகைக்கு முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினையில் என்ன அக்கறை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். முதலில், அந்தக் கம்பெனியின் செல்வம் தம்பதிகள் இருவரால் மட்டும் விளைந்ததல்ல. ஆகவே தொழிலாளரின் கூலி பாக்கி, போனஸ், பிராவிடண்ட் பண்டு பாக்கி எல்லாவற்றையும் தீர்த்த பிறகே பங்கு பற்றிப் பேச வேண்டும். இரண்டாவது, இந்தப் பிரச்சினை நம் வீடுகளிலும் உண்டு. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் ஆட்டோவும் இரண்டு சென்ட் மனையும் அவன் பெயரில். அவற்றுக்காக மைக்ரோ பைனான்சில் வாங்கிய வாராந்திரக் கடன் அவள் பெயரில்! பிரிந்த பிறகும் வசூல்காரன் அவள் வாசலில்தான் நிற்கிறான்.

சோவியத் அனுபவத்திலிருந்தும் நாம் கற்க வேண்டும். 1918-ம் ஆண்டுச் சட்டம், சமத்துவத்தின் பெயரால், அவரவர் சொத்து அவரவருக்கு என்றது. சம்பாத்தியமில்லாத குடும்பப் பெண்கள் வெறுங்கையோடு வெளியேற நேர்ந்தது. குறை கண்டு, கிராமங்களிலும் ஆலைகளிலும் விவாதித்து, 1926-ம் ஆண்டுச் சட்டத்தில் மணவாழ்வில் சேர்ந்த சொத்து பொதுச் சொத்து என்று திருத்தினார்கள். உடைமையில்லாதவளுக்குக் காகிதச் சமத்துவம் சோறு போடாது என்பதை அவர்கள் எட்டு ஆண்டுகளில் உணர்ந்தார்கள். நம் ஆட்சியாளர்கள்? 2010-ல் கொண்டுவந்த விவாகச் சட்டத் திருத்த மசோதாவில், விவாகரத்தின்போது மனைவிக்குச் சொத்தில் ஈடு தரும் ஏற்பாட்டைச் சேர்த்து, 2013 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் நிறைவேற்றினார்கள். எவ்வளவு பங்கு என்பதை நீதிபதியின் விருப்பத்திற்கு விட்டார்கள். அந்த அரைகுறை மசோதாவும் லோக் சபையில் நிறைவேறாமல் 2014-ல் காலாவதியானது.

மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் பாதி மனைவிக்கு உரிமை என்று, மத பேதமின்றி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் வகையில் பார்லிமெண்ட் சட்டம் இயற்ற வேண்டும். தம்பதிகள் பிரிந்த தேதிக்கு மூன்றாண்டு முன்பிருந்து நடந்த கைமாற்றங்களையெல்லாம் கோர்ட் சோதிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் ஆடிட்டரைக் கோர்ட்டே நியமித்து, அதன் செலவைத் தொழிலின் கணக்கில் எழுத வேண்டும். குடும்பத்திற்காக அவள் பெயரில் வாங்கிய கடனில் பாதியை அவன் ஏற்க வேண்டும். மாதர் ஸ்தாபனங்கள் இதைக் கேட்டு வருகின்றன. தொழிற்சங்கங்களும் தங்கள் மகாநாட்டுத் தீர்மானங்களில் இதைச் சேர்க்கட்டும்.