உறுமுவது செட்டா, வீடா?

நம்மில் பலருக்குக் கைச்செலவுக்குக் காசு வருவது பக்கத்துத் தெரு ஆம்ப்ளிஃபயர்களிலிருந்துதான். டிப்ளமோ படிக்கிற பையன் என்று தெரிந்தால் போதும். "தம்பி, பாட்டு போடலேன்னாலும் செட்டு உர்ர்ர்னு கத்துது, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டு விடுவார்கள். நம்மாளும் சால்டரிங் அயர்னோடு போய் மூடியைத் திறந்து, 4700 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு 10,000 போடுவார். உறுமல் அசையாது. அப்புறம் ஐ.சி. மாறும், டிரான்ஸ்ஃபார்மர் மாறும். செட்டுக்காரர் பர்ஸும் மெலியும்!

நான் பார்த்தவரையில் இந்த உறுமலில் பெரும்பாலானது பெட்டிக்குள்ளேயே இல்லை. சுவருக்குள் இருக்கிறது. வீட்டு ஒயரிங் நம்மிடம் சொல்லும் புகார் அது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் காதையும் கையையும் பயன்படுத்துங்கள் என்பதே என் வாதம்.

முதலில் வால்யூமைத் திருகுங்கள். உறுமலும் கூடிக் குறைகிறதா? அப்படியானால் அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னாலிருந்து வருகிறது. மாறவில்லை என்றால் பவர் சப்ளையையோ அவுட்புட் பகுதியையோ சந்தேகிக்கலாம். அடுத்து, பின்னாலுள்ள ஆடியோ பின்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சத்தம் நின்றுவிட்டால் கெப்பாசிட்டர் நிரபராதி. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். காது பழகியவர்களுக்கு இன்னொரு தடயமும் உண்டு. ஃபுல்வேவ் ரெக்டிஃபயரின் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறும் லூப்பும் தருவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே.

லூப் என்றால் என்ன? கம்ப்யூட்டர் ஒரு பிளக் பாயிண்டில், ஆம்ப் வேறு சுவரில். இரண்டும் த்ரீ பின். இரண்டு பாடிகளும் சுவருக்குள் எர்த் ஒயரால் ஒரு முறை இணைகின்றன, ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக மறுமுறை. அந்த இரண்டு எர்த்துகளும் ஒரே வோல்டேஜில் இருந்தால் வம்பில்லை. இருப்பதில்லையே! சில வீடுகளில் எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று நியூட்ரலை எர்த் பின்னோடு கோர்த்துவிட்டுப் போயிருப்பார் ஒயர்மேன். அந்த லைனில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடினால் 4.3 ஆம்பியர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி 10 மீட்டருக்குச் சுமார் 0.18 ஓம். பெருக்கினால் முக்கால் வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேலே. நம் பாட்டு ஆடியோ கேபிளில் வருவதே சுமார் 0.3 வோல்ட்தான்! அந்த முக்கால் வோல்ட்டில் ஒரு துளி ஷீல்டில் விழுந்தால் போதாதா? உறுமல் மட்டுமல்ல, அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடி முழுக்க ஃபேஸ்.

கேபிள் டி.வி. ஒயரும் இதே வேலையைச் செய்யும். தெருவிலிருந்து தன் சொந்த எர்த்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வருகிறது அது. செட்-டாப் பாக்ஸிலிருந்து அந்த ஒயரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் விஷயம் முடிந்தது. நடுவே ஒரு ஐசொலேட்டரோ, ஆடியோ பக்கம் 600:600 டிரான்ஸ்ஃபார்மரோ போடலாம். அதற்கும் முன்னால், எல்லாச் சாதனங்களையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே தள்ளுபடி ஆகிவிடும்.

பாடியில் கை வைத்ததும் சத்தம் குறைகிறதா, லேசாகச் சுர்ரென்கிறதா? எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாதபோது பாடி சப்ளையில் பாதி, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் டெஸ்டர் மினுக்கும். உறுமலாக இல்லாமல் 'கிர்ர்' என்று கூர்மையாக இருந்தால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும்.

இப்போது நான் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். லூப்பை அறுக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: எர்த் பின்னை வெட்டிவிடுவது. உறுமல் அந்த நொடியே நிற்கும். "பாத்தீங்களா அண்ணே!" என்று இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பிறகு ஒருநாள் உள்ளே இன்சுலேஷன் போய் ஃபேஸ் பாடியில் உட்காரும்போது ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் போக வழி இல்லை. செட்டைத் துடைக்க வரும் அம்மாவின் ஈரக்கைதான் அதற்குக் கிடைக்கும் முதல் வழி. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தாலாவது தப்பலாம். அது இல்லாத வீடுகள் எத்தனை! சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியுள்ள கம்பெனி செட் எர்த் இல்லாமல் ஓடலாம், அது அப்படியே வடிவமைக்கப்பட்டது. ரிச்சி தெருவில் வாங்கிய தகரப் பெட்டியில் நாம் அசெம்பிள் செய்து, டூ பின் கார்டு மாட்டிக் கொடுக்கிறோமே, அதற்கு அந்தக் குறி கிடையாது. "எல்லாரும் அப்படித்தாம்பா குடுக்குறாங்க" என்பது பதிலாகாது.

எர்த் இருக்கிறதா என்று 100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் போட்டுப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எர்த் அறுந்திருந்தால் பல்பு எரியாது. ஆனால் அதே எர்த் ஒயரில் உள்ள ஃப்ரிட்ஜ், கிரைண்டர் பாடிகளெல்லாம் அந்த நேரம் பல்பு வழியாக ஃபேஸோடு சேர்ந்துவிடும். முதலில் அந்தப் பிளக்குகளைப் பிடுங்குங்கள், வீட்டாரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாமல் இருப்பதற்கு நாம் மட்டும் காரணமல்ல. இ.சி.இ. பையனுக்கு ஆப்-ஆம்ப் தெரியும், ஜங்ஷன் பாக்ஸ் தெரியாது. இ.இ.இ. பையனுக்கு எர்த் குழியில் கரியும் உப்பும் போடத் தெரியும், ஷீல்டு கேபிள் தெரியாது. உறுமலோ இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டுச் சங்க நிர்வாகிகள் இரு துறைத் தலைவர்களையும் கேட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டுப் பயிற்சி வாங்கித் தர வேண்டும். ஒரு பலகையில் இரண்டு சாக்கெட், பத்து மீட்டர் ஒயர், ஒரு அயர்ன் பாக்ஸ் போதும். உறுமுகிற ஆம்ப் என் வீட்டில் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.