காயல்தானே, கடலா என்ன?

பதிவு நீளம்தான். வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் முழுக்கப் படித்துவிடுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாகப் படகுப் பேச்சு. கொச்சிப் பக்கம் வேலை பார்க்கும் நம் பையன்கள் எட்டுப் பேர் பங்கு போட்டு, வேம்பநாட்டுக் காயலில் குடும்பத்தோடு சுற்ற 28 அடிப் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கப் போகிறார்கள். போட்டோவும் வந்தது. வெள்ளை பெயின்ட், நீலக் கோடு, உள்ளே சோபா, மேலே புதிதாகக் கட்டிய ஒரு மாடி. குழு முழுக்கக் கைதட்டல்.

படகு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. சம்பாதிக்கிறீர்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு சந்தோஷமாக இருங்கள். நான் எதிர்ப்பது ஒரே ஒரு வாக்கியத்தை. மேல்மாடி பற்றி, லைஃப் ஜாக்கெட் பற்றி, சர்வே பற்றி யார் கேட்டாலும் அந்தக் குழுவில் ஒரே பதில்தான் வந்தது: "காயல்தானே, கடலா என்ன?"

சரி, கணக்குப் பார்ப்போம்.

2002 ஜூலை 27. முகம்மாவிலிருந்து குமரகம் வந்த அரசுப் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். பலர் அரசு வேலைக்கான தேர்வு எழுதக் கிளம்பியவர்கள். எந்த நீர்நிலை? நீங்கள் படகு விடப்போகும் அதே வேம்பநாட்டுக் காயல்.

2007 பிப்ரவரி 20. தட்டேக்காட்டில், பெரியாற்றில், பள்ளிச் சுற்றுலா வந்த 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரி. இரண்டு தட்டு கொண்ட 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர். அது பழைய படகுகூட இல்லை, புதிது.

2011 டிசம்பர் 25. நம் தமிழ்நாட்டுப் பழவேற்காடு ஏரி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன உறவினர் கூட்டத்தில் 22 பேர்.

2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, இரண்டு தட்டு வைத்து, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டினார்கள். 22 பேர். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

2024 ஜனவரி 18. வதோதராவில் ஹர்ணி ஏரி. 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கிடையாது.

இதில் ஒன்றாவது நடுக்கடலில் நடந்ததா? ஏரி, காயல், ஆறு, முகத்துவாரம். எல்லாமே 'அடக்கமான தண்ணீர்'. கடலுக்குப் போகிறவன் பயத்தோடு போகிறான், அதனால் படகைப் பார்க்கிறான், வானத்தைப் பார்க்கிறான், ஆளை எண்ணுகிறான். காயலுக்குப் போகிறவன் பிரியாணிப் பொட்டலத்தை எண்ணுகிறான். கடலில் படகைக் கவிழ்க்க அலை வேண்டும். காயலில் அந்த வேலையை நாமே செய்துவிடுகிறோம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒன்பதாம் வகுப்பில் நடத்திய பாடம்தான். படகின் எடை ஈர்ப்பு மையம் வழியாகக் கீழே இழுக்கிறது, தண்ணீர் மிதப்பு மையம் வழியாக மேலே தள்ளுகிறது. படகு சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்திவிடும். ஈர்ப்பு மையம் உயர உயர அந்த நிமிர்த்தும் பலம் குறையும். ஒரு எல்லை தாண்டினால், நிமிர்த்த வேண்டிய விசையே கவிழ்த்துவிடும். மேல்மாடி என்பது அந்த மையத்தை உயர்த்தும் வேலை. அங்கே பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள், ஆளுக்கு 60 கிலோ. 'அதோ பார் நீர்க்காகம்' என்று யாரோ கத்தியதும் அத்தனை பேரும் ஒரு மீட்டர் நகர்கிறார்கள். 600 கிலோ ஒரே நொடியில் ஒரு பக்கம் போயாயிற்று, அதுவும் உயரத்தில். தேக்கடியிலும் மிருகங்களைப் பார்க்க மக்கள் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள் என்றுதான் செய்தி வந்தது. மக்களைக் குறை சொல்வானேன்? வேடிக்கை பார்க்கத்தானே டிக்கெட் வாங்கினார்கள்! அதைத் தாங்காத படகுதான் தப்பு.

இன்னொன்று. குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "ஓட்டிப் பார்த்தோம், தொட்டில் மாதிரி மெதுவாக, சொகுசாக ஆடுகிறது." தம்பி, நீ மெச்சியதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே அகலமுள்ள படகுகளில் வெடுக்கென்று நிமிர்வது நிலையானது, சோம்பலாக ஆடுவது நிலை குறைந்தது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கானால் நிமிரும் பலம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. காலிப் படகில் ஒரு தடவை அளங்கள். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை அவர்கள் உட்காரும் இடத்தில் அடுக்கி இன்னொரு தடவை அளங்கள். அல்லது படிப்பாளியிடமே போங்கள். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சோபாவுக்குப் புது உறை தைக்கும் காசில் கொஞ்சம் இதற்குச் செலவாகட்டும்.

பெயின்ட்டைப் பார்த்தீர்களே, அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? படகைக் கரையேற்றாமல் விலை பேசாதீர்கள். ஃபைபர் உடம்பை ஒரு சின்ன மரச் சுத்தியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று வந்த சத்தம் 'தொப்' என்று மாறும் இடத்தில் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது, இல்லை தண்ணீர் கோத்திருக்கிறது. அம்மை போட்டதுபோல் கொப்புளம் இருந்தாலும் அதே சந்தேகம்தான். எஞ்சின் வெளியே தொங்கும் வகை என்றால், அது மாட்டியிருக்கும் பின்பலகை உள்ளே உளுத்திருக்கிறதா என்று எஞ்சினைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பலகை நெளிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் போவதற்குள் விற்கிறவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் சொல்லாமல் போய்ப் பச்சையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கியர் எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் நிலையைக் கெடுக்கும். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள், தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அதுவும் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். அப்புறம் ஒரு பொறி போதும்.

காகிதத்துக்கு வருவோம். 1917-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. எஞ்சின் வைத்த படகுக்குப் பதிவு, சர்வே சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. விற்கிறவர் காட்டும் சர்வே சான்று மேல்மாடி கட்டுவதற்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா? இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். முன் வாங்கியது என்றால் அந்தச் சான்று வேறொரு படகுக்கு உரியது, அவ்வளவுதான்.

"எங்களுக்கு நீச்சல் தெரியும் சார்." காவிரிக்கரைப் பிள்ளைகளாயிற்றே, தெரியும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் குதித்தவர்கள்தான். ஆனால் தானூரில் பலர் கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கிக்கொண்டார்கள். கூரையும் கண்ணாடியும் தலைக்கு மேல் இருக்கும்போது எந்தப் பக்கம் நீந்துவாய்? உன் மாமியார் எந்தப் பக்கம் நீந்துவார்?

"எட்டுக் குடும்பமும் ஒரே நாளில் வர மாட்டோம் சார்." வருவீர்கள். வீட்டுக்கு நாலு என்றால் 32 பேர். ஓணம் லீவு வரும், யாருடைய அப்பாவுக்காவது அறுபதாம் கல்யாணம் வரும். பழவேற்காட்டில் நடந்தது கிறிஸ்துமஸ் அன்று, தானூரில் ஞாயிற்றுக்கிழமை. படகு நிரம்பி வழியும் நாள் எதுவோ அதுதான் ஆபத்தான நாள்.

நியாயமான பேச்சு ஒன்று குழுவில் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். கடலுக்குப் போகிற படகு மாதிரி உயர்ந்த முகப்பும் பெரிய குதிரைத்திறனும் காயலுக்குத் தேவையில்லை. சரிதான். எஞ்சினில் மிச்சம் பிடியுங்கள், ஏசியில் பிடியுங்கள், சோபாவில் பிடியுங்கள். நிலையிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் பிடிக்காதீர்கள்.

"பிடிக்கவில்லை என்றால் முக்கொம்புக்குக் கொண்டுவந்துவிடலாம்" என்று ஒருவன் ஜோக் அடித்திருந்தான். ராஜா, மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம். மிச்ச மாதங்களில் உன் படகை மணலில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். தண்ணீர் வரும் மாதங்களிலோ, 2018 ஆகஸ்ட் 22-இல் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போன ஆறு இது.

ஆகவே எட்டுப் பேருக்கும் சொல்கிறேன். அந்த மாடிப் படகு வேண்டாம். ஒரே தட்டு, அகலமான அடிப்பாகம், பழசானாலும் யாரும் கை வைத்து மாற்றாத உடம்பு, இப்படி ஒன்றைத் தேடுங்கள். எத்தனை பேர் என்பதைச் சர்வேயர் சொல்லட்டும், அந்த எண்ணைப் படகில் பெரிதாக எழுதிப் போடுங்கள். ஒன்பதாவது பங்காளி வந்தாலும் எண் மாறக்கூடாது. ஏறியதும் குழந்தைகளுக்கு அவர்கள் அளவு ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள், பெரியவர்களும் போடுங்கள். சீட்டுக்கடியில் அடுக்கி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "காயல்தானே சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதுகிறவன் மேலே சொன்ன ஆறு தேதிகளையும் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்,
ஸ்ரீரங்கம்.