பெரிய பற்றரியும் ஊறாத கிணறும்

சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை நான்கு மணியளவில் எம் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் எம் மைத்துனர். "அத்தான், அம்மாவுக்கு மூச்சு முட்டுது. சந்திக்குப் போய் வாகனம் பிடிப்பம் எண்டால் மோட்டார் சைக்கிள் ஸ்டாட் வருகுதில்லை" என்றார். நாம் அயலவரை எழுப்பி, அவருடைய முச்சக்கர வண்டியில் மாமியை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தோம். நல்வேளையாக அவர் தேறிவிட்டார்.

இதில் வியப்பு யாதெனில், அம்மோட்டார் சைக்கிளுக்குப் பத்து நாட்களுக்கு முன்னர்தான் புதிய பற்றரி பூட்டப்பட்டிருந்தது. அதுவும் சாதாரணமானதன்று. "பழையது 5, இது 9. இனி என்ன பயம்?" என்று மைத்துனர் அன்று எம்மிடம் பெருமையோடு காட்டியிருந்தார். அந்த ஒன்பதே அவரைக் கைவிட்டது. காலால் உதைத்து இயக்கும் கிக்கரும் அவ்வண்டியில் இல்லை. பெரியது பூட்டியும் ஏன் இவ்வாறு நேர்ந்தது? இவ்வாரம் அதனையே நேயர்களோடு ஆராய எண்ணினோம்.

பற்றரியின் மேல் இரண்டு எண்கள் முதன்மையானவை. ஒன்று வோல்ற்றளவு. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் இது பெரும்பாலும் 12. இதனை ஒருபோதும் மாற்றலாகாது. மற்றையது அம்பியர்-மணி எனப்படும் கொள்ளளவு. 5 அம்பியர்-மணி என்றால், அரை அம்பியர் வீதம் ஏறத்தாழ 10 மணி நேரம் மின் தரும் என்று கொள்ளலாம். வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவு இன்னும் குறையும்.

பெரிய பற்றரி பூட்டினால் மின்சாரம் மிகுதியாகப் பாய்ந்து ஸ்டாட்டர் மோட்டாரை எரித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் வீண். வோல்ற்றளவு ஒன்றாயிருக்கும்வரை, மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். தொட்டி பெரிதானால் குழாயில் நீர் அதிகம் பாய்வதில்லை; நீண்ட நேரம் பாயும், அவ்வளவே.

ஆனால் தொட்டியை நிரப்புவது கிணறு. எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியே வண்டியின் கிணறு. அதன் ஊற்றுக் குறைந்தால் எத்தனை பெரிய தொட்டி கட்டினாலும் ஒருநாள் வற்றியே தீரும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்விளக்கு 35 வாற்று, பின்விளக்கு 5 வாற்று, மொத்தம் 40. இதனை 12 ஆல் வகுத்தால் 3.3 அம்பியர் அளவில் வரும். மின்னேற்றம் அறவே இல்லையெனில் 5 அம்பியர்-மணிப் பற்றரி இவ்விளக்குகளை அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். 9 உள்ளது 2.7 மணி நேரம். பெரியது நோயைத் தீர்க்கவில்லை; வெளிப்படும் நாளைச் சற்றே பின்தள்ளியது.

மைத்துனரின் வண்டியில் நிகழ்ந்ததும் இதுவே. பற்றரியைக் கழற்றி, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கான 0.9 அம்பியரில் மெதுவாக மின்னேற்றினோம். ஓய்வு கொடுத்து அளந்தபோது 12.7 வோல்ற்று காட்டியது. அது நிறைந்த பற்றரியின் இலக்கணம். பின் எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டி அளந்தோம். 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டிய மானி 12.4இல் நின்றது. மின்பிறப்பாக்கியிலிருந்து சீராக்கிக்குச் செல்லும் இணைப்பு கரிந்து, சில வேளை தொட்டும் சில வேளை தொடாமலும் இருந்தமை தெரிந்தது. அதனை மாற்றியதும் மானி 14.2ஐக் காட்டியது. பழைய பற்றரிமீது சுமத்திய பழி வீண்பழியோ என்ற ஐயம் அப்போது எமக்கு எழுந்தது.

மற்றொரு குறையையும் கண்டோம். ஒன்பது அளவுப் பற்றரி ஐந்துக்குரிய பெட்டியில் அடங்காமையால், பூட்டியவர் அதை இறப்பர் நாடாவால் கட்டி, மூடியைப் பலவந்தமாக அழுத்தியிருந்தார். நேர்முனை இரும்புச் சட்டத்திற்கு ஒரு விரல் தூரத்திலே நின்றது. குண்டும் குழியுமான வீதியில் அது சட்டத்தைத் தொட்டிருந்தால் தீப்பொறி பறந்திருக்கும்.

ஆயின் பெரிய பற்றரி ஆகாதோ? ஆகும். அடிக்கடி ஓடாத வண்டிக்கும், குறுந்தூரம் ஓடிப் பலமுறை ஸ்டாட் செய்யும் வண்டிக்கும் சிறிது கூடிய கொள்ளளவு நன்மையே. சில வகைகளில் 5க்கும் 7க்கும் அடிப்பரப்பு ஒன்றாயிருந்து உயரம் மட்டுமே மிகும். வாங்குமுன் பெட்டியை அளந்துகொள்க. நேர்முனை எப்பக்கம் உள்ளது என்பதையும் நோக்குக. முனை மாறிப் பூட்டினால் சீராக்கி கெட்டுவிடக்கூடும். அமிலம் ஊற்றும் வகையாயின் நிமிர்த்தியே வைத்து, ஆவிக்குழாய் நசியாமற் காக்க வேண்டும். உருகியின் அளவைப் பற்றரியோடு சேர்த்துக் கூட்டலாகாது. அது கம்பியைக் காப்பதற்கு உள்ளது.

கழற்றும்போது முதலில் மறைமுனை. பூட்டும்போது முதலில் நேர்முனை. ஏனெனில் வண்டியின் சட்டம் மறைமுனையோடு இணைந்துள்ளது. அதனை முதலில் விடுவித்துவிட்டால், நேர்முனையைத் திருகும் சாவி சட்டத்தில் பட்டாலும் தீங்கில்லை.

பிரான்சு நாட்டு பிளாந்தே 1859இல் ஈயத்தகடும் சல்பூரிக்கமிலமும் கொண்டு அமைத்த கலத்தின் வழித்தோன்றலே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. ஆகவே பழைய பற்றரியைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ எறிய வேண்டாம். நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு ஈயம் பொல்லாத பகை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுக.

மைத்துனரின் வண்டியில் இப்பொழுது 5 அம்பியர்-மணிப் பற்றரியே இருக்கிறது. மாதம் ஒருமுறை மானி வைத்துப் பார்க்கிறார். "பெரிசு வாங்கின காசுக்கு இந்த மானியை வாங்கியிருக்கலாம், அத்தான்" என்றார் சென்ற ஞாயிறு. மாமி அதைக் கேட்டுச் சிரித்தார். அச்சிரிப்பைக் கேட்க முடிந்ததே எமக்குப் பெரும் ஆறுதல்.