பதின்மூன்றாம் வயதில் நிறுத்துவானேன்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்த வகுப்பையே மறுபடியும் படிக்கிறார்கள் என்று உலக நாடுகள் கணக்கெடுக்கின்றன. அந்தப் பட்டியலில் மலேசியாவுக்கு நேராக நிற்பது ஏறக்குறையப் பூஜ்யம்தான். எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாடமும் கற்றுவிட்டார்கள் என்பது அதற்குப் பொருளல்ல. யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதே பொருள். இந்தக் கொள்கை நல்ல காரணத்தோடு பிறந்தது. 1964 வரை ஆறாம் ஆண்டு முடிவில் ஓர் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தவறிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் படிப்பு அங்கேயே முடிந்தது. ரஹ்மான் தாலிப் அறிக்கையின் வழியில் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் படிவம் மூன்று வரை எல்லாரும் தாமாகவே மேலேறினார்கள். தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது சாதாரண மாற்றமல்ல. 1996இல் வந்த முதல் கட்ட மதிப்பீட்டுத் தேர்வு, கெட்டிக்காரப் பிள்ளையை மூன்றாம் ஆண்டிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவக்கூட விட்டது. அது 2000 வரைதான் நீடித்தது.

ஆனால் அந்தப் பூஜ்யம் காட்டாத ஓர் ஆண்டு உண்டு. தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ ஆறாண்டு படித்த பிள்ளை மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாவிட்டால், தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போவதில்லை. ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டும். நம் வீடுகளில் இன்னும் 'ரிமூவ் கிளாஸ்' என்றே சொல்கிறோம். தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளை மலாய்மொழியில் அதே அளவு பின்தங்கியிருந்தாலும் நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விடும். புகுமுக வகுப்பு மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக் கணக்கில் சேர்வதால் தொடக்கப்பள்ளியின் பூஜ்யம் கலையாமல் நிற்கிறது. பெயரை எப்படி வைத்தாலும், சக வயதினர் முன்னே போக ஒரு பிள்ளை ஓராண்டு பின்னே நிற்பதற்கு நிறுத்திவைத்தல் என்றுதான் பெயர். அவர்கள் பதினேழில் எழுதும் எஸ்பிஎம் தேர்வை இந்தப் பிள்ளை பதினெட்டில் எழுதுகிறது.

ஓராண்டு கூடுதலாகப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. அது எந்த வயதில் வருகிறது என்பதே என் கேள்வி. வாசிப்பில் வரும் தடுமாற்றம் பன்னிரண்டில் முளைப்பதல்ல, ஏழு வயதிலேயே கண்ணுக்குத் தெரிவது. 2025இல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கு எழுத்திலும் எண்ணிலும் தனி உதவி தேவைப்பட்டதாகக் கல்வியமைச்சே சொன்னது. இது எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு. ஆறு தென்கிழக்காசிய நாடுகளில் 2019இல் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், தொடக்கப்பள்ளி முடிவில் எதிர்பார்க்கப்படும் வாசிப்புத் திறனை எட்டிய மலேசியப் பிள்ளைகள் 58 விழுக்காடு, வியட்நாமில் 82. ஆக, ஒவ்வோர் ஆண்டும் மேலே ஏற்றிவிடுகிறோம், கூடவே பாடம் ஏறுகிறதா என்று பார்ப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து ஆறாம் ஆண்டில் கணக்குக் கேட்கிறோம். அதிலும் தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கிறோம்.

புகுமுக வகுப்பு தண்டனையல்ல, பாலம் என்பார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ படித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு அந்த ஓராண்டு உண்மையிலேயே கைகொடுத்தது; அன்று மாறியது கல்வி மொழியே. இன்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்தே மலாய்மொழியை ஒரு பாடமாகப் படிக்கிறது. ஆறு ஆண்டில் ஏறாததை ஒரே ஆண்டில் ஏற்றிவிடலாம் என்று நம்பும் அமைப்பு, அந்த ஆறு ஆண்டில் என்ன செய்தது என்று முதலில் சொல்லவேண்டும். கணிதத்திலும் தமிழிலும் நன்றாகச் செய்யும் பிள்ளையும் ஒரு மொழிக்காக எல்லாப் பாடத்திலும் நிற்கிறது. அந்த வயதில் தோழர்களைப் பிரிந்து பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளியின் மேல் உள்ள பிடிப்பு எளிதில் நழுவும்.

அப்படியானால் முதல் மூன்று ஆண்டிலேயே நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவைக் காட்டுவார்கள். 2002இல் அங்கே, வாசிக்கத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்திவைக்கச் சட்டம் வந்தது; பிள்ளைகள் முன்னேறினார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கோடை வாசிப்பு முகாமும், நாள்தோறும் தனி வாசிப்பு நேரமும், தேர்ந்த ஆசிரியரும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. பலன் தந்தது நிறுத்தமா, இந்த உதவியா? உதவி இல்லாமல் வகுப்பை மட்டும் திரும்பப் படிக்கவைப்பது பெரும்பாலும் பயனற்றது, சில வேளை கெடுதலும் கூட என்பதே பல்லாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. இந்தியாவில் மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க வழிவிட்டது. தமிழ்நாடு அந்த வழியில் போக மறுத்தது. அங்கே 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் வைப்பதைக் குறியாகக் கொண்டது. அந்தத் திட்டத்தின் பலனைப் பற்றி வாதிடலாம். அது தேர்ந்தெடுத்த வயதைப் பற்றி வாதிட இடமில்லை.

நாமும் அந்த வயதுக்குத்தான் போகவேண்டும். 2010இல் 'லினஸ்' திட்டம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துத் தூக்கிவிட முயன்றது, அது நிறுத்தப்பட்டுவிட்டது. 1988 முதல் இருந்த யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் போனது. தேர்வு போனதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அதோடு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குப் புரியும்படி சொல்லும் வழியும் மங்கிவிட்டது. வகுப்புசார் மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம் எத்தனை பெற்றோருக்கு விளங்குகிறது? ஒரு தமிழ்ப்பள்ளி எவ்வளவு சிறியதானாலும் அங்கே குறைநீக்கல் ஆசிரியர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் தமிழில் வாசிப்பைத் திறந்துவிட்டு, பிறகு மலாயைக் கொடுக்கவேண்டும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்தால் இரண்டாவது மொழி எளிதாகும். இதற்கான செலவு, பின்னால் ஓராண்டு முழுக்கப் பள்ளியில் வைத்திருக்கும் செலவைவிடப் பெரிதாக இராது.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில், மூன்றாம் ஆண்டு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். 2026இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை 2032இல் படிவம் ஒன்றில் இருக்கவேண்டும்.