படியில் ஒரு பிசகு

கட்டடம் எவ்வளவு உயர்ந்தாலும் படிக்கட்டு மேஸ்திரியின் கைக்கணக்கில்தான் உருவாகிறது. ஒரு படி உயரம், அடுத்தது குட்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். தடுக்கி விழுபவர் பழியைச் செருப்பின் மேல் போடுவார். வீடுகளில் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சென்ட்ரிங் பலகை அதைப் படித்ததில்லை.

ஆலையில் வார்த்த படிக்கட்டில் இந்தத் தகராறு இல்லை. ஒரே அச்சு, ஒரே அளவு. தளத்துக்குத் தளம் கிரேன் இறக்கி வைக்கிறது. பொருத்தி முடித்ததும் தொழிலாளர்கள் சாரத்தைத் தொற்றாமல் படியேறியே மேலே போகலாம். அவர்களுக்கு இதுவே பெரிய லாபம். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள், 2021இல் அடிக்கல் நாட்டி 2022இல் திறக்கப்பட்டது, இப்படி முன்வார்ப்புக் கான்கிரீட்டில்தான்.

ஆனால் அவசரம் ஆபத்து. 1968இல் லண்டனின் ரோனன் பாயின்ட் குடியிருப்பில், 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்து 4 பேர் இறந்தனர். முன்வார்ப்புப் பலகைகளின் இணைப்புகள் பலவீனமாக இருந்தன. வார்ப்பை ஆலை பார்த்துக்கொள்ளும். இணைப்பைப் பார்க்க, களத்தில் பொறுப்பான ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். பூகம்பம் வந்தால் எல்லோரும் ஓடுவது படிக்கட்டை நோக்கித்தான்.